கடலுக்குள் கேட்கும் காலடி ஓசை

வாயிற்கதவு திறக்கும் ஓசையைக் கேட்ட மாத்திரத்தில், வந்திருப்பவர் யார் என்பதை வீட்டிலுள்ளோர் அறிந்துகொள்கின்றனர். தந்தையின் நடை வேறு. மகனின் நடை வேறு. அடுப்படியில் இருந்தபடியே, திரும்பிப் பாராமல், "தம்பி வந்துவிட்டான்" என்கிறாள் தாய். கடற்கரைப் பங்குகளில் பணியாற்றிய காலத்தில் இதனினும் வியப்பான ஒன்றை நாம் கண்டிருக்கின்றோம். இருள் பிரியாத வேளையில் கரையில் காத்து நிற்கும் பெண்கள், படகு கண்ணுக்குத் தென்படுமுன்பே, அதன் எஞ்சின் இரைச்சலைக் கொண்டு இன்னார் வீட்டுப் படகு என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இந்த எளிய திறமையே உலகக் கடற்படைகளில் ஒரு தனித் தொழிலாக வளர்ந்திருக்கின்றது. நீருக்கடியில் கேட்கும் ஓசையைக் கொண்டு, வருவது எந்தக் கப்பல் என்று கண்டுகொள்வதே அத்தொழில். கடந்த ஐம்பது ஆண்டுகளாக அத்தொழிலைக் கணிப்பொறிக்கும் கற்பித்து வருகின்றனர். கப்பற்படைச் செய்தி நம் குடும்பங்களுக்கு எதற்கு என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். கேட்ட ஓசைக்குப் பெயர் சூட்டுவதில் நேர்ந்த பிழை ஒரு பெரும்போருக்கு வாயில் திறந்துவிட்ட வரலாறு உண்டு. அதனை அறிவது எல்லோருக்கும் நல்லது.

ஒளி புகாத இடத்தில் ஒலி

கடலுக்குள் கண்ணுக்கு வேலை குறைவு. ஏறத்தாழ இருநூறு மீட்டர் ஆழத்துக்குக் கீழே பகலவனின் ஒளி மங்கி மறைந்துவிடும். வானொலி அலைகளையும் ரேடார் அலைகளையும் கடல்நீர் விரைவில் விழுங்கிவிடும். ஆனால் ஒலிக்கோ நீர் இராஜபாட்டை. காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர் செல்லுகின்றது. தாழ்ந்த சுருதியுள்ள ஒலி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவையும் கடந்து செல்ல வல்லது.

இவ்வுண்மையை மனிதர் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். நீருக்குள் நீண்ட குழாயின் ஒரு முனையை இறக்கி, மறுமுனையில் செவியை வைத்தால் தொலைவில் செல்லும் கப்பல்களின் ஓசை கேட்கும் என்று லியொனார்டோ டா வின்சி 1490-ஆம் ஆண்டளவில் குறித்து வைத்தார். 1826-ஆம் ஆண்டில் ழான் டானியேல் கொலடோன் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் ஜெனீவா ஏரியில் ஒரு சோதனை நடத்தினார். ஏரியின் ஒரு பக்கம் நின்ற படகிலிருந்து மணி ஒன்றை நீருக்குள் தொங்கவிட்டு, இரவு வேளையில் அதனை அடிக்கச் செய்தார். மணி அடிக்கும் அதே கணத்தில் படகில் வெடிமருந்து பளிச்சிடும். பதின்மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மற்றொரு படகில் இருந்த கொலடோன், அவ்வொளியைக் கண்ட நேரத்துக்கும், நீருக்குள் இறக்கிய குழாய் வழியே மணியோசையைக் கேட்ட நேரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். நொடிக்கு 1,435 மீட்டர் என்று அவர் கண்ட கணக்கு இன்றைய நுண்கருவிகளின் கணக்குக்கு மிக நெருங்கியது.

முதல் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்கள் பெருந்தொல்லையாயின. அவற்றைக் கண்டறிய, ஹைட்ரோஃபோன் எனப்படும் நீரடி ஒலிவாங்கிகளைக் கடலில் இறக்கினர். பின்னர் சோனார் என்னும் கருவி தோன்றியது. சோனாரில் இரு வகை உண்டு. தானே ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு பொருளைக் கண்டறிவது ஒன்று. தான் வாய் திறவாமல், பிறர் எழுப்பும் ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது மற்றொன்று. ஒளிந்திருக்கும் கப்பல் வாய் திறந்தால் தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக் கொடுத்ததாகும். ஆகவே நீர்மூழ்கிக் கப்பல்கள் பெரும்பாலும் இரண்டாம் வழியையே நாடுகின்றன. நாம் பேசப்போவதும் அவ்வழியைப் பற்றியே.

கப்பலின் கையெழுத்து

ஒரு கப்பலின் ஓசை ஒரே ஓசையன்று. பல ஓசைகளின் கூட்டு. கப்பலை முன் தள்ளும் விசிறிக்குப் புரொப்பெல்லர் என்று பெயர். அதில் ஐந்து இதழ்கள் இருப்பதாகவும், அது நிமிடத்துக்கு 120 முறை சுற்றுவதாகவும் கொள்வோம். அப்படியானால் நொடிக்கு இரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து இதழ்கள் நீரை அறைவதால், நொடிக்குப் பத்து அடிகள். கேட்பவர் இவ்வெண்களைப் பிரித்தெடுத்துவிட்டால், விசிறிக்கு எத்தனை இதழ்கள், அது எவ்வளவு வேகமாகச் சுழல்கின்றது என்பதைக் கண்ணால் காணாமலே சொல்லிவிடலாம். விரைந்து சுழலும் இதழ்களின் ஓரத்தில் நீர் கொப்புளித்துக் குமிழிகள் தோன்றி உடையும்; அது சீறல் ஓசையாகக் கேட்கும். இவற்றோடு டீசல் எஞ்சினின் அதிர்வு, நீரேற்றும் பம்புகளின் முனகல், பற்சக்கரங்களின் கீச்சொலி, மின்னாக்கியின் ரீங்காரம் ஆகியவையும் சேரும். கப்பலின் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகின்றதா, 60 முறை அலைகின்றதா என்பதுகூட வெளியே கேட்டுவிடும். அதிலிருந்து அது எந்த நாட்டு வழக்கப்படி கட்டப்பட்டது என்று ஊகிக்கலாம். ஓர் இதழில் சிறு நெளிவு, ஒரு பம்பில் சிறு தேய்மானம் இருந்தால் போதும். ஒரே அச்சில் வார்த்த இரு கப்பல்களும் வேறுபட்டு ஒலிக்கும். மனிதருக்குக் கையெழுத்து எவ்வாறோ, கப்பலுக்கு ஓசை அவ்வாறு.

அக்கையெழுத்தைப் படிப்பதற்கு 1950-களில் அமெரிக்கர் ஒரு வழி கண்டனர். ஓசையை அதன் சுருதிவாரியாகப் பிரித்து, காகிதத்தில் கோடுகளாக வரைந்தனர். நிலையான ஓசை நேர்க்கோடாக விழும். வேகம் மாறினால் கோடு வளையும். காதால் கேட்டதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. 1952-ஆம் ஆண்டு பஹாமாத் தீவுகளில் எலியூதெரா என்னுமிடத்தில் கடலடியில் ஒலிவாங்கிகளை வரிசையாகப் பதித்துத் தொடங்கிய சோதனை, பின்னர் சோசஸ் என்னும் பெரும் வலையமைப்பாக விரிந்தது. சோவியத் நீர்மூழ்கிகளைக் கேட்டறிவதே அதன் நோக்கம். அப்படி ஒன்று இருப்பதையே 1991-ஆம் ஆண்டு வரை மறைத்து வைத்திருந்தனர். கரையிலிருந்த நிலையங்களில் ஆடவரும் பெண்டிரும் முறை வைத்து, இரவும் பகலும் அக்கோடுகளையே நோக்கிக்கொண்டிருந்தனர்.

பிரெஞ்சுக் கடற்படையில் இத்தொழிலில் தேர்ந்தவர்களைப் "பொற்செவியர்" என்று அழைப்பர். துலோன் துறைமுகத்தில் இதற்கெனவே ஒரு நடுவம் உண்டு. அங்கு ஓசைகள் சேமிக்கப்படுகின்றன. அவற்றைக் கேட்டுக் கேட்டே மாணவர் பயில்கின்றனர். நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர் கண்ணில்லாதவர் போன்றவர். அவருக்கு வழி சொல்லும் துணை இப்பொற்செவியரே. அவர் சொல்லும் ஒரு சொல்லை நம்பியே கப்பலில் இருக்கும் அனைவர் உயிரும் தங்கியுள்ளது.

செவி ஏமாந்த கதைகள்

ஆயினும் பொற்செவியும் ஏமாறும். இரண்டாம் உலகப்போரின்போது வெப்பக்கடல்களில் ஒலிவாங்கிகளை இறக்கியவர்கள், காய்ந்த முள் தீப்பற்றி எரிவது போன்ற இடைவிடாத படபடப்பைக் கேட்டனர். ஆராய்ந்தபோது அது ஒரு வகைச் சிறு இறாலின் வேலை என்று தெரிந்தது. விரலளவே உள்ள அவ்வுயிர் தன் கொடுக்கைப் படீரென மூடும்போது குமிழி ஒன்று தோன்றி உடைகின்றது. அவ்வோசை இலட்சக்கணக்கில் சேரும்போது கப்பலின் ஓசையையே மறைத்துவிடுகின்றது. 1950-களில் அமெரிக்கர் தம் கோடுகளில் நொடிக்கு 20 முறை அதிரும் ஆழ்ந்த துடிப்பு ஒன்றைக் கண்டு திகைத்தனர். பகைவரின் புதிய சூழ்ச்சியோ என்ற ஐயமும் எழுந்தது. அது துடுப்புத் திமிங்கிலங்களின் குரல் என்பது பின்னரே தெளிவாயிற்று.

சுவீடன் நாட்டின் கதை இதனினும் சுவையானது. 1981-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று சுவீடனின் கார்ல்ஸ்குரோனா கடற்படைத் தளத்தருகே பாறையில் ஏறி நின்றுவிட்டது. அது மெய்யான அத்துமீறல். அன்றுமுதல் அந்நாட்டார் தம் கடலில் ஒவ்வோர் ஓசையிலும் பகைவரையே கேட்கலாயினர். குமிழிகள் பொரிவது போன்ற ஓர் ஓசை மீண்டும் மீண்டும் கேட்டது. கப்பல்கள் தேடின, ஒன்றும் சிக்கவில்லை. 1996-ஆம் ஆண்டில் மாக்னஸ் வால்பெர்க், ஹாகன் வெஸ்டர்பெர்க் என்னும் இரு அறிஞர்களை அழைத்து அவ்வோசையைக் கேட்கச் செய்தனர். அவர்கள் ஆராய்ந்து கூறிய முடிவு: அது ஹெரிங் மீன் கூட்டத்தின் ஓசை. நம் சாளைக்கு உறவான அம்மீன், அச்சமுறும்போது தன் வயிற்றுக் காற்றைப் பின்புறமாக வெளியேற்றும். பல்லாயிரம் மீன்கள் சேர்ந்து அவ்வாறு செய்தால் அது கடற்படைக்கே அச்சமூட்டும் ஓசையாகும்! சிரிக்கத் தோன்றும். ஆனால் இரு நாடுகளுக்கு இடையே ஐயம் வளர்ந்திருந்த காலத்தில், ஓசைக்குத் தவறான பெயர் சூட்டுவது சிரிக்கும் செய்தியன்று.

அத்தகைய பிழை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு வியட்நாமின் டோங்கின் வளைகுடா சான்று. 1964-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் வடவியட்நாமின் டார்பிடோப் படகுகள் மேடக்ஸ் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலைத் தாக்கின. அது உண்மையாக நடந்தது. இரண்டு நாள் கழித்து, ஆகஸ்டு 4-ஆம் நாள் இரவு, மேடக்ஸும் டர்னர் ஜாய் என்னும் மற்றொரு கப்பலும் அதே கடலில் சென்றன. நிலவற்ற இருள், கொந்தளிக்கும் கடல், இரண்டு நாளுக்கு முன் தாக்குண்ட நெஞ்சங்களில் படபடப்பு. மேடக்ஸின் சோனார் அறையிலிருந்து, டார்பிடோக்கள் வருகின்றன என்ற அறிவிப்பு வந்தவண்ணமிருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட டார்பிடோக்கள் எண்ணப்பட்டன. அருகே சென்ற டர்னர் ஜாயின் சோனாரிலோ ஒரு டார்பிடோவும் கேட்கவில்லை.

சில மணி நேரத்துக்குள், கப்பல்களின் பொறுப்பிலிருந்த காப்டன் ஜான் ஹெரிக் ஐயுற்றார். வானிலையின் விளைவும் சோனார் பணியாளரின் மிகையான ஆர்வமும் பல அறிவிப்புகளுக்குக் காரணமாயிருக்கலாம் என்றும், மேற்கொண்டு எதுவும் செய்யுமுன் முழுமையாக ஆராய வேண்டும் என்றும் அவர் மேலிடத்துக்குச் செய்தி அனுப்பினார். கப்பல் வளைந்து வளைந்து விரைந்தபோது, அதன் சொந்த விசிறியின் ஓசையே சுக்கானில் பட்டுத் திரும்பி, டார்பிடோவின் ஓசைபோல் கேட்டது என்பதே பிற்காலத்தார் கண்ட விளக்கம். தன் காலடி ஓசையைக் கேட்டுத் தானே அஞ்சி ஓடியவன் கதை அது.

ஆனால் ஆராயப் பொறுமை இல்லை. அன்றே பதிலடித் தாக்குதலுக்கு ஆணை பிறந்தது. ஆகஸ்டு 7-ஆம் நாள் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் கீழவையில் 416 வாக்குகளுக்கு எதிர்வாக்கே இல்லாமலும், மேலவையில் 88-க்கு 2 என்ற வாக்குகளாலும், படைபலத்தைப் பயன்படுத்தக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது. அவ்வதிகாரத்தின் பேரில் விரிந்த போரில் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கரும் பல இலட்சம் வியட்நாம் மக்களும் மாண்டனர். அப்போருக்கு வேறு காரணங்களும் நிறைய உண்டு. ஒரு சோனார் அறை மட்டுமே அதனை மூட்டியதென்று சொல்லமாட்டோம். எனினும் அன்றிரவு தாக்குதல் எதுவும் நடக்கவில்லை என்பதை, 2005-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க அரசின் சொந்த ஆய்வே உறுதிப்படுத்தியது. நடவாத ஒன்றைச் செவி கேட்டது, அரசு நம்ப விரும்பியது, மக்கள் மடிந்தனர்.

செவிக்குத் துணை வந்த மென்பொருள்

மனிதச் செவி களைத்துப்போகும், அஞ்சும், எதிர்பார்த்ததையே கேட்கும். அத்துடன் கேட்கவேண்டிய ஓசையும் ஆண்டுக்காண்டு மெலிந்து வந்தது. தம் கப்பல்கள் எளிதில் கேட்கப்படுகின்றன என்பதை உணர்ந்த சோவியத் நாட்டார் அவற்றை அமைதியாக்க முற்பட்டனர். ஜப்பானிய, நார்வே நிறுவனங்கள் தடையை மீறி அவர்களுக்கு விற்ற நுண்கடைசல் இயந்திரங்கள் ஓசை குறைந்த விசிறிகளைச் செய்ய உதவின என்ற செய்தி 1987-இல் வெளியாகிப் பெரும் புயலைக் கிளப்பியது. இன்று நீர்மூழ்கிகள் எவ்வளவு அமைதியாயின என்பதற்கு ஒரு சான்று: 2009-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பிரிட்டனின் வான்கார்டும் பிரான்சின் ல திரியோம்பான்ட்டும் அட்லாண்டிக் கடலடியில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. இரண்டும் அணு ஆயுதம் தாங்கும் கப்பல்கள். நட்பு நாடுகளின் கப்பல்கள். ஒன்றின் வரவை மற்றொன்று அறியவில்லை.

ஆகவே கணிப்பொறியின் துணையை நாடினர். 1973-ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஃபைகன்பாம், பென்னி நீ முதலியோர் "ஹாஸ்ப்" என்னும் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினர். அவர்கள் செய்த முதல் வேலை, அனுபவம் முதிர்ந்த ஆய்வாளர் எவ்வாறு சிந்திக்கின்றார் என்பதைக் கேட்டறிந்து, அதனை விதிகளாக எழுதியதே. "சற்றுமுன் மறைந்த ஓசையை ஒத்த மற்றோர் ஓசை, அருகில் வேறு சுருதியில் தோன்றினால், இரண்டும் ஒரே மூலத்தினுடையனவாக இருக்கலாம்" என்ற போக்கில் அவ்விதிகள் அமைந்தன. தேர்ந்த ஆய்வாளர் காதை மட்டும் நம்புவதில்லை என்பதையும் அவர்கள் கண்டனர். கப்பல் செல்லும் வழிகள், அக்கடலில் வழக்கமாக வருவோர், கிடைத்த வேறு செய்திகள் ஆகிய யாவற்றையும் அவர் சேர்த்தே எடைபோடுகின்றார். ஹாஸ்ப்பும் அவ்வாறே செய்தது. ஒவ்வொரு முடிவுக்கும் எவ்வளவு உறுதி என்பதையும் குறித்தது. புதுச்செய்தி வந்தால் முடிவை மாற்றிக்கொண்டது. எதனால் இம்முடிவுக்கு வந்தேன் என்று விளக்கமும் சொன்னது. இக்கடைசிப் பண்பை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

அதன்பின் வேறொரு வழி தோன்றியது. விதிகளை எழுதிக் கொடுக்காமல், எடுத்துக்காட்டுகளை மட்டும் காட்டி, கணிப்பொறி தானே கற்றுக்கொள்ளச் செய்வது அவ்வழி. 1988-ஆம் ஆண்டு கோர்மன், செஜ்னோவ்ஸ்கி என்னும் இருவர், கடலடியில் கிடந்த உலோக உருளை, பாறை ஆகியவற்றின் எதிரொலிப் பதிவுகள் 208-ஐக் கொண்டு இதனைச் சோதித்தனர். புதிதாகக் காட்டிய பதிவுகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை அது சரியாகப் பிரித்தது; பயிற்சி பெற்ற மனிதச் செவியோடு ஒப்பிடத்தக்க திறமை அது. இன்று இம்முறை பெரிதும் வளர்ந்துவிட்டது. ஸ்பெயினின் வீகோ துறைமுகப் பகுதியில் 2012, 2013 ஆண்டுகளில் பதிவுசெய்த கப்பலோசைகளை அந்நாட்டு அறிஞர்கள் தொகுத்து வெளியிட்டுள்ளனர். கனடாவின் ஜார்ஜியா நீரிணையில் 2016 முதல் 2018 வரை பதிவான 265 கப்பல்களின் ஓசை, 47 மணி நேர அளவில், ஆராய்ச்சியாளர்களுக்குக் கிடைக்கின்றது. சரக்குக் கப்பல், பயணிகள் கப்பல், எண்ணெய்க் கப்பல், இழுவைப் படகு என நான்கு வகை அதில் உண்டு. துலோனின் பொற்செவியரும் பிரிலிஜென்ஸ் என்னும் நிறுவனத்தோடு சேர்ந்து இத்தகைய மென்பொருளை வளர்த்தனர். அந்நிறுவனத்தை 2024-ஆம் ஆண்டு சஃப்ரான் நிறுவனம் வாங்கியது. நம் நாட்டிலும் கொச்சியிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகம் போர்க்கப்பல்களுக்குச் சோனார் அமைத்து வருகின்றது.

இம்மென்பொருளால் விளையும் நன்மை தெளிவானது. நாட்கணக்கில் பதிவான ஓசையைக் கொட்டாவி விடாமல் கேட்டு, "இந்த இடத்தில் ஏதோ உண்டு, நீர் கேளும்" என்று அது சுட்டிக்காட்டும். வைக்கோற்போரில் ஊசி தேடும் வேலையைப் பொறி செய்ய, கையிலெடுத்தது ஊசிதானா என்று பார்க்கும் வேலை மனிதருக்கு எஞ்சுகின்றது.

பொறி அறியாதவை

ஆனால் பொறிக்கும் குறைகள் உண்டு. நான்கு வகைக் கப்பல்களை மட்டும் கற்ற மென்பொருளிடம் ஐந்தாவதொன்றைக் காட்டினால் என்ன சொல்லும்? "இவற்றுள் எதுவுமில்லை" என்று சொல்லத் தனியே கற்பித்திருந்தாலன்றி, திமிங்கிலத்தையும் அது நான்கு பெட்டிகளில் ஒன்றில் போட்டுவிடும்; அதுவும் மிக்க உறுதியோடு போட்டுவிடும்.

இரண்டாவதாக, கடல் ஒரே தன்மையுடையதன்று. வெப்பம், உப்பு, ஆழம் ஆகியவை மாறும்போது ஒலி வளைந்து செல்லும். வெயிலேறிய பிற்பகலில் மேல்நீர் சூடாவதால் காலையில் கேட்ட கப்பல் மாலையில் கேட்காமற்போவதுண்டு. ஒரு கடலில் கற்றதை மற்றொரு கடலில் அப்படியே நம்புவதற்கில்லை. சுமை ஏற்றிய கப்பலின் ஓசையும் வெறுங்கப்பலின் ஓசையும் ஒன்றல்ல.

மூன்றாவதாக, தேர்வு முறையிலேயே ஓர் ஏமாற்று நுழையலாம். ஒரே கப்பலின் ஒரே பயணத்தில் பதிந்த ஓசையைத் துண்டு துண்டாக்கி, சில துண்டுகளைக் கற்பிக்கவும் மற்றவற்றைச் சோதிக்கவும் பயன்படுத்தினால் மதிப்பெண் மிக உயர்ந்து தோன்றும். வீட்டுப்பாடத்தில் கொடுத்த கணக்கையே பரீட்சையில் கேட்கும் ஆசிரியரிடம் எல்லா மாணவரும் தேறுவர் அல்லவா? மேலும், எக்கப்பலை அறிவது மிக முக்கியமோ, அதன் ஓசைப்பதிவே மிகக் குறைவாகக் கிடைக்கின்றது. சரக்குக் கப்பல் ஒளிந்து செல்வதில்லை. நீர்மூழ்கி ஒளிந்தே செல்கின்றது.

எல்லாவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. விதிகளால் அமைந்த அந்நாளைய ஹாஸ்ப் தன் முடிவுக்குக் காரணம் சொன்னது. எடுத்துக்காட்டுகளால் கற்ற இந்நாளைய மென்பொருள் பெயரையும் விழுக்காட்டையும் சொல்லும். ஏன் என்று கேட்டால் எளிதில் விடை தராது. திரையில் ஓர் எண் ஒளிரும்போது, எதிரே அமர்ந்திருக்கும் இளைஞன், "பொறியே சொல்லிவிட்டது, நான் யார் மறுக்க?" என்று எண்ணிவிடுவது இயல்பு. மேடக்ஸ் கப்பலில் ஒருவன் செவி தவறியது. இனி, தவறும் செவியின் மேல் கணிப்பொறியின் முத்திரையும் விழுமானால், ஹெரிக்கைப் போல் ஐயுற்று எழுத எவருக்குத் துணிவு வரும்? ஐயுற்றவரின் சொல் அன்றே எடுபடவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

பெயர் சூட்டும் பொறுப்பு

அப்படியாயின் இம்மென்பொருள் வேண்டாமா? அவ்வாறு சொல்வது அறிவுடைமையாகாது. மேடக்ஸின் அறையில் அன்றிரவு, "இது உங்கள் சொந்த விசிறியின் துடிப்பு, சுக்கான் திரும்பும்போதெல்லாம் கேட்கின்றது" என்று சொல்ல ஒரு பொறி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்! பொறிக்கு அச்சமில்லை, பழியுணர்ச்சியில்லை, இரண்டு நாளுக்கு முன் தாக்குண்ட நினைவு அதற்கு இல்லை. களைத்த மனிதருக்கு அது நல்ல துணை. ஆனால் அச்சமற்ற பொறிக்குப் பொறுப்பும் இல்லை. தன் சொல்லால் மாண்டவர்களுக்காக அது ஓரிரவும் உறக்கமிழக்காது. ஆகவே சுட்டிக்காட்டுவது பொறியின் வேலை. பெயர் சூட்டி அதற்கு விடையிறுப்பது மனிதரின் வேலை. இவ்வெல்லை அழியாதிருக்க வேண்டுமானால், பொறி தன் காரணத்தைக் காட்ட வேண்டும். தன் ஐயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். "தெரியவில்லை" என்னும் சொல்லையும் அதற்குக் கற்பிக்க வேண்டும். அதைக் கேட்கும் அதிகாரிக்கும் காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

கேட்கும் கலை அழிவுக்கு மட்டுமே பயன்படுவதன்று என்பதையும் சொல்ல வேண்டும். பகைவரைக் கேட்கப் பதித்த சோசஸ் ஒலிவாங்கிகளைக் கொண்டே, 1993-ஆம் ஆண்டில் ஒரு நீலத் திமிங்கிலத்தை 43 நாட்கள் அறிஞர்கள் தொடர்ந்தனர். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள், அர்ஜென்டினாவின் சான் ஹுவான் என்னும் நீர்மூழ்கி 44 பேருடன் மறைந்தது. குடும்பத்தார் துறைமுகத்தில் கண்ணீரோடு காத்துநின்றனர். அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டறிய உலக நாடுகள் அமைத்த ஒலிவாங்கிகளுள், அசென்ஷன் தீவிலும் குரோசே தீவிலும் இருந்தவை, அக்கப்பலின் வழித்தடத்தருகே வழக்கத்துக்கு மாறான ஓர் ஓசையைப் பதிவு செய்திருந்தன. ஆய்வாளர்கள் அதனைப் பல நாட்கள் ஆராய்ந்து, பொறுமையோடு பிரித்தறிந்து, பின்னரே வெளியிட்டனர். ஓராண்டு கழித்து, 900 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், அக்கப்பல் கிடந்த இடம் கண்டுபிடிக்கப்பட்டது. உயிரை மீட்க முடியவில்லை. ஆனால் எங்கே என்று தெரியாமல் தவித்த தாய்மாருக்கு ஓர் இடம் கிடைத்தது. அவசரப்படாமல் கேட்ட செவியின் கொடை அது.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் பாட்டிமார் வாய்மொழி. கடலுக்கு மட்டுமன்று, தெருவுக்கும் அது பொருந்தும். அடுத்த வீட்டில் கேட்ட ஒரு சத்தம், கிணற்றடியில் காதில் விழுந்த ஒரு சொல் ஆகியவற்றைக் கொண்டு ஒருவருக்கு நாம் சூட்டிவிடும் பெயர் அவர் வாழ்நாளெல்லாம் ஒட்டிக்கொள்கின்றது. அச்சமும் கோபமும் நெஞ்சில் இருக்கும்போது, ஹெரிங் மீனும் நீர்மூழ்கியாகவே கேட்கும்.

நம் பங்குகளிலிருந்து இன்று பல இளைஞர் கப்பல்களிலும் கணிப்பொறி நிலையங்களிலும் பணிக்குச் செல்கின்றனர். இத்தகைய மென்பொருளை எழுதுவோரும் அதன் முன் அமர்வோரும் அவர்களுள் இருக்கக்கூடும். அவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. நள்ளிரவில், திரையில் ஒரு பெயர் ஒளிர்ந்து, மேலதிகாரி விடை கேட்டு நிற்கும் வேளையில், மெய்யாகவே தெரியாவிட்டால், "ஐயா, இன்னும் தெரியவில்லை, சற்றுப் பொறுத்துக் கேட்போம்" என்று சொல்லத் தயங்க வேண்டாம். அச்சொல்லுக்காக எவரும் பதக்கம் தரமாட்டார்கள். ஆனால் அதனால் உயிர் பிழைத்தவர்கள், தாம் பிழைத்ததையே அறியாமல், எங்கோ தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பார்கள்.